பொட்டு ஆடும் டார்ப்பர் கிடாவும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

நீலகிரி ஆடு பத்தி நீங்க எழுதுனதைப் படிச்சேன். ‘அதுவே வெள்ளைக்காரன் காலத்துக் கலப்புதான்’னு போற போக்குல ஒரு வரி சொல்லிட்டுப் போயிட்டீங்க. எங்களுக்கு விளாத்திகுளம் பக்கம், அப்பா பொட்டு ஆடு, அதான் வேம்பூர் செம்மறி, வெச்சிருக்கார். இப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரர் டார்ப்பர்னு ஒரு சீமைச் செம்மறிக் கிடா வாங்கிட்டு வந்து, குட்டி நல்லா எடை ஏறும், உங்க ஆட்டுக்கும் விட்டுக்கங்கன்னு ஊரையே கூப்பிடுறார். அப்பாவுக்கு ஆசை. நாட்டு இனத்தைக் கலந்து கெடுக்கக் கூடாதுங்கிறது என் கட்சி. நீங்களே கலப்பு தப்பில்லைங்கிற மாதிரி எழுதுனா அப்பா அதைத்தான் எடுத்துக் காட்டுவார். கலக்கலாமா கூடாதா, தெளிவா சொல்லுங்க.

— ஒரு வாசகர், விளாத்திகுளம்

அன்புள்ள தம்பி,

அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவுல என்னைப் பஞ்சாயத்துக்கு உட்கார வெச்சிட்டீங்க, சரி. ஆனா கேள்வியை ‘கலக்கலாமா கூடாதா’ன்னு கேட்டா அதுக்குப் பதிலே கிடையாது.

நீலகிரி ஆட்டையே எடுத்துக்கங்க. 19-ம் நூற்றாண்டுல நம்ம கோயம்புத்தூர் ஆட்டோட டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன்னு மூணு சீமை ஆட்டு ரத்தம் சேர்ந்து உருவானது அது, இதுல எதை எடுத்துட்டு எதை வெச்சா ‘தூய’ நீலகிரி கிடைக்கும்? ஆனாலும் இன்னைக்கு அது ஒரு அபூர்வ இனம், எண்ணிக்கை குறைஞ்சுபோன இனம், ஊட்டி பக்கம் சாந்திநல்லா ஆராய்ச்சி நிலையத்துல வெச்சுக் காப்பாத்துறாங்க. அதே நிலையத்துலதான் நீலகிரியோட மெரினோவையும் ராம்புலேவையும் கலந்து சாந்தினோன்னு இன்னொண்ணையும் உண்டாக்குனாங்க. ஒரே இடத்துல காப்பாத்துறதும் நடக்குது, கலக்குறதும் நடக்குது, ரெண்டும் சண்டை போட்டுக்கலை. அட, உங்க பக்கத்துத் தோட்டத்து டார்ப்பர் மட்டும் என்ன, 1930-கள்ல தென்னாப்பிரிக்காவுல டார்செட் ஹார்னையும் கருந்தலை பெர்சியன் ஆட்டையும் சேர்த்துப் பண்ணுனதுதான் அது. வறண்ட காட்டுல மேய்ஞ்சு சீக்கிரம் கறி வைக்கணும்னு திட்டம் போட்டு செஞ்சது, அதனால எடை ஏறுதுன்னு அந்தத் தோட்டத்துக்காரர் சொல்றதுல பொய் இல்லை.

நான் உண்மையில சொல்ல வர்ற விஷயத்துக்கு ஒரு கதை இருக்கு, கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

வங்காளத்துல சுந்தரவனப் பகுதியில கரோல்னு ஒரு செம்மறி. பெருசா ஒண்ணும் இருக்காது, நல்லா வளர்ந்த பொட்டையே பத்துப் பன்னெண்டு கிலோ, நம்ம ஊர் வியாபாரி பார்த்தா குட்டின்னு நினைச்சு விலை கேப்பான். தண்ணி நிக்கிற வயல்ல கால் நனைய நனைய மேயும், மத்த செம்மறியை அங்க விட்டா குளம்பு அழுகியே போயிரும். இதை விட பெரிய விசேஷம், ஈத்துக்கு ரெண்டு மூணு குட்டி போடும், வெள்ளாடு மாதிரி.

1792, 1793-ல கல்கத்தாவுலேருந்து சிட்னிக்குப் போன கப்பல்கள்ல இந்த வங்காள ஆடுகளும் போயிருக்கு. அப்ப அது புதுசா போட்ட கைதிக் குடியேற்றம், சோத்துக்கே திண்டாட்டம், கிடைச்ச ஆட்டை எல்லாம் ஏத்துனாங்க. பின்னாடி மெரினோ வந்துச்சு, கம்பளி பணமாச்சு, இந்தக் குட்டை ஆடெல்லாம் மெரினோவோட கலந்து கலந்து இருந்த இடம் தெரியாம போச்சு. கதை அதோட முடிஞ்சிருக்கணும்.

ஆனா நியூ சவுத் வேல்ஸ்ல கூமா பக்கம் பூரூலாங்கிற பண்ணையில சீயர்ஸ்னு அண்ணன் தம்பிங்க, 1940-கள்லேருந்து, எந்தப் பொட்டை ரெண்டு மூணு போடுதோ அதோட வம்சத்தை மட்டும் தனியா ஒதுக்கி வளர்த்துக்கிட்டே வந்தாங்க. மெரினோவுல பாதிக்கு மேல ஒத்தைக் குட்டிதான் போடும்கிறதால இது ஊருக்கு வேடிக்கையா இருந்திருக்கும். 1958-ல, கூடப் பிறந்தது மொத்தம் அஞ்சுன்னு சொல்ற ஒரு கிடாவை சிஎஸ்ஐஆர்ஓ-ன்னு அங்க இருக்கிற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுத்தாங்க. அப்புறம் 1980 வாக்குல, இதுக்கெல்லாம் காரணம் ஒரே ஒரு பெரிய ஜீன்னு விஞ்ஞானிங்க சந்தேகப்பட ஆரம்பிச்சாங்க. குட்டி எண்ணிக்கைங்கிறது நூறு சின்னச் சின்ன ஜீன் சேர்ந்து முடிவு பண்ற சமாச்சாரம்னுதான் அதுவரைக்கும் எல்லாரும் நம்பிட்டிருந்தது, அதனால அன்னைக்கு இது சாதாரணப் பேச்சு இல்லை.

சரி, மெரினோவுக்குள்ள அந்த ஜீன் எப்படி வந்துச்சு? இங்கதான் எனக்குப் பிடிச்ச ஆள் வர்றாங்க. ஹெலன் நியூட்டன் டர்னர்னு அதே நிறுவனத்துல வேலை பார்த்த மரபியல் நிபுணர். லேப்ல தேடாம பழைய காகிதத்துல தேடுனாங்க, எந்தக் கப்பல்ல எந்த ஆடு வந்துச்சு, யார் மந்தைக்குப் போச்சு, அந்த மந்தையிலேருந்து யாருக்கு வித்தாங்கன்னு பின்னாடியே நூல் பிடிச்சுப் போய், இது அந்த வங்காள ஆட்டோட ரத்தமா இருக்கணும்னு 1982-ல எழுதுனாங்க. அப்ப அதை நிரூபிக்க வழியில்லை. 2001-ல அந்த ஜீனோட டிஎன்ஏ எழுத்து வரிசையில மாறியிருக்கிற ஒத்தை எழுத்தையே கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷம் கரோல் ஆட்டு ரத்தத்தை எடுத்துப் பார்த்தா அதே மாற்றம், அதே எழுத்து. இருநூறு வருஷத்துக்கு முந்துன சரக்குக் கணக்கும் டிஎன்ஏ-வும் ஒண்ணையே சொல்லுது! (நீலகிரி ஆட்டுலயும் சிலதுகிட்ட இந்த மாற்றம் இருக்குன்னு அப்புறம் கண்டுபிடிச்சாங்க, அது எந்த வழியா மலை ஏறுச்சுங்கிறது தனிக் கதை.)

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு தம்பி. ஆஸ்திரேலியாவுல வங்காள ஆடு கரைஞ்சு போச்சு, ஒரே ஒரு ஜீன் மட்டும் தப்பிச்சுது, அதுவும் அண்ணன் தம்பி ரெண்டு பேர் குட்டியை எண்ணி ஒதுக்குனதால. சேத்துல நிக்கிற அந்தக் குளம்பு, குறைஞ்ச தீனியில ஓட்டுற அந்த உடம்பு, இதெல்லாம் தேடி அங்க போக முடியாது. ஆனா சுந்தரவனத்துல முழு ஆடும் இன்னும் உசிரோட இருக்கு.

அப்படி இருந்ததாலதான் மகாராஷ்டிராவுல பல்டன்ல இருக்கிற நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தால வங்காளம் போய் கரோலைக் கொண்டுவர முடிஞ்சுது. அங்க தங்கர் மேய்ப்பர்கள் வெச்சிருக்கிற தக்காணி ஆடு ஈத்துக்கு ஒண்ணுதான் போடும். அதுல கரோலைக் கலந்தா குட்டி கூடும், ஆனா உருவம் சின்னதாயிரும், வியாபாரி திரும்பிப் பார்க்க மாட்டான். அதனால பொறந்த குட்டியில ஜீன் எதுல இருக்குன்னு டெஸ்ட் பண்ணி, இருக்கிறதை மட்டும் மறுபடி தக்காணியோட சேர்த்து, மறுபடி டெஸ்ட், மறுபடி தக்காணி. உடம்பு தக்காணியா வரணும், ஜீன் மட்டும் கரோலோடதா இருக்கணும். சுவர்ணான்னு பேர் வெச்சாங்க. அதுலயும் ஒரு கணக்கு இருக்கு, அந்த ஜீன் ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்துட்டா பொட்டை மூணு போட்டுரும், காஞ்ச காட்டுல மேயுற தாய்க்கு மூணுக்குப் பால் ஏது, அதனால மேய்ப்பன்கிட்ட இருக்கிற பொட்டைக்கு ஒரு பக்கத்துலேருந்து மட்டும் வந்தாப் போதும். கலப்புன்னா இப்படி. எதை எடுக்குறோம், எதை விடுறோம், எங்க நிறுத்துறோம்னு தெரிஞ்சு பண்றது. ஒரு கிடாவை ஊர் ஆடு பூராவுக்கும் விட்டுட்டு சந்தையில எடை போட்டுப் பார்க்கிறது வேற வேலை.

இன்னொண்ணு சுருக்கமா. இங்கிலாந்துல நார்ஃபோக் ஹார்ன்னு கொம்பு வெச்ச ஒரு ஆடு. அதோட பொட்டைக்கு சவுத்டவுன் கிடாவை விட்டுப் பிறந்ததுதான் இன்னைக்கு உலகம் பூரா இருக்கிற சஃபோக். மக பேரெடுத்தா, அம்மாவை யாரும் சீண்டலை. 20-ம் நூற்றாண்டு நடுவுல வந்து பார்த்தா மிஞ்சுனது ஒரே ஒரு பட்டி, நெருங்குன உறவுக்குள்ளயே சேர்ந்து சேர்ந்து கிடாவே தேறாத நிலைமை. கடைசியில அந்த மகளையே, அதாவது சஃபோக்கையே, கலந்துதான் அம்மாவைத் திரும்ப எழுப்புனாங்க. அதனால கலப்பே ஆகாதுன்னு நீங்க சொல்ற கட்சியும் நிக்காது, பட்டி சின்னதாகிப் போனா தூய்மையே ஆட்டைக் கொன்னுரும்.

இப்ப உங்க பட்டிக்கு வருவோம். அப்பாவுக்கு டார்ப்பர் குட்டி வேணும்னா போட்டுக்கட்டும், ஆனா மொத்தப் பட்டிக்கும் வேண்டாம். நல்ல பொட்டையா பார்த்துப் பாதிக்கு மேல ஒதுக்கி, அதுக்குப் பொட்டுக் கிடா மட்டும்தான்னு வெச்சுக்கங்க. மிச்சத்துல டார்ப்பர் விட்டா அந்தக் குட்டிங்க கிடாவோ பொட்டையோ எல்லாம் கறிக்குப் போயிரணும், அதுல ஒண்ணு நல்லா இருக்கேன்னு பொலிகிடாவா நிறுத்திராதீங்க, ஏன்னா முதல் கலப்புல வர்ற அந்த வேகம் அடுத்த தலைமுறையில பாதியா விழுந்துரும், குட்டியும் ஒண்ணு போல ஒண்ணு வராது. முதல் ஈத்துப் பொட்டைக்கு அந்தப் பெரிய கிடாவை விடவே விடாதீங்க, குட்டி சிக்கிக்கும். உங்க பொட்டுக் கிடாவையும் அதோட மகளுங்க பருவத்துக்கு வர்றதுக்குள்ள மாத்திருங்க, விக்க மனசில்லைன்னா வேம்பூர் பக்கம் யார்கிட்டயாவது கொடுத்து மாத்திக்கலாம். எது எந்தக் கிடாவுக்குப் பிறந்ததுன்னு ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுதிட்டு வாங்க, அப்பா சிரிப்பார், பரவாயில்லை.

டார்ப்பர் கிடாவுக்கு அவர் ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குறார்னு எழுதலையே. அதையும், கலப்புக் குட்டிக்கு அவர் கொடுக்கிற தீவனச் செலவையும் கேட்டு எழுதுங்க, மேய்ச்சல்ல மட்டும் விட்டா அது எவ்வளவு எடை வருதுன்னு தெரியாம அப்பாகிட்ட மேற்கொண்டு வாதாட வேண்டாம்.