வாசகர் கேள்வி: செக்போஸ்ட்டில் இருந்தது, லேபில் இல்லை

கே: 2023 ஜனவரியில் தென்காசிப் பக்கமிருந்து போன 15,300 லிட்டர் டேங்கர் பாலில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பதாக ஆரியங்காவு செக்போஸ்ட்டில் கேரளப் பால்வளத் துறை சொன்னது. உணவுப் பாதுகாப்புத் துறையின் சோதனையோ 'இல்லை' என்றது. எது சரி? நாங்களும் அந்த வழியாகத்தான் பால் அனுப்புகிறோம்.
- பால் சேகரிப்பு நிலையம் நடத்துபவர், செங்கோட்டை

ப: இரண்டுமே சரியாக இருக்க முடியும். ஹைட்ரஜன் பெராக்சைடு, பால் கெடாமலிருக்கச் சிலர் கள்ளத்தனமாகக் கலக்கும் ரசாயனம். பச்சைப் பாலில் கேட்டலேஸ் என்ற நொதி இயல்பாகவே உண்டு. பல பாக்டீரியாக்களும் அதை உண்டாக்கும். பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் அது உடைத்துவிடும். நேரம் போகப் போகத் தடயம் மறையும். செக்போஸ்ட்டில் செய்வது உடனடிச் சோதனை: பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் சேர்த்தால், பெராக்சைடு உள்ள பால் நீலமாகும். ஆனால் வழக்கில் செல்லுபடியாவது, 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுக்கும் மாதிரிதான். இடையில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் கலந்தவருக்கே லாபம்.

உங்கள் வண்டியை நிறுத்தினால் ஒன்றைக் கவனியுங்கள். அலுவலர் மாதிரியை நான்காகப் பிரித்து சீல் வைப்பார். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு, இரண்டு பங்குகள் அவருக்கு மேலுள்ள நியமன அலுவலருக்கு. நான்காவதை அங்கீகாரம் பெற்ற வேறு லேபுக்கு அனுப்பச் சொல்லி அங்கேயே கேட்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டு அறிக்கையும் முரண்பட்டால் ரெஃபரல் லேப் (முரண்பாட்டைத் தீர்க்கும் மேல்நிலை ஆய்வகம்) சொல்வதே முடிவு. பகுப்பாய்வாளரின் அறிக்கையை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மாதிரி பாட்டிலில் அலுவலர் ஃபார்மலின் விட்டால் பதறாதீர்கள். மாதிரி கெடாமலிருக்க விதியே அனுமதிப்பதுதான் அது.

பெராக்சைடு மட்டுமே கவலை இல்லை. பசும்பாலில் கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) 8.3 சதவீதத்துக்குக் கீழே போனால், வேறு கலப்படம் இல்லாவிட்டாலும் 'தரக்குறைவு' என்று 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழும். அதனால் டேங்கில் ஊற்றுமுன் கேன் கேனாகப் பாருங்கள். ஊற்றிய பிறகு எந்த வீட்டுப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. கறந்த சூட்டோடு 4 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டால் பெராக்சைடுக்கு வேலையே இல்லை.

கே: சந்தேகமான பாலை நாமே லேபில் கொடுக்கலாமா?
- இல்லத்தரசி, கொழிஞ்சாம்பாறை

ப: கொடுக்கலாம், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 'சோதனைக்கு அனுப்பப் போகிறேன்' என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணம் உங்களுடையது, குறை நிரூபணமானால் திரும்பக் கிடைக்கும். வீட்டில் மாவுக் கலப்பைப் பார்க்க, பாலைக் காய்ச்சி நன்றாக ஆறவைத்து 2-3 சொட்டு டிங்சர் அயோடின் விடுங்கள். நீலமானால் மாவு. சாய்வான தட்டில் ஒரு சொட்டை ஓடவிட்டுப் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மாவு போட்டுக் கெட்டியாக்கிய பால் அதில் தப்பிவிடும்.

கே: ஐஸ்கிரீம் கேட்டு வாங்கிய கப்பில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்றிருக்கிறது. மோசடியா?
- கல்லூரி மாணவர், களியக்காவிளை

ப: கப்பில் எழுதியவர் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்: பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய். அதே சரக்கின் கப்பில் 'ஐஸ்கிரீம்' என்று அச்சடித்திருந்தால் தவறான லேபிள், 3 லட்சம் வரை அபராதம். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு என்ற புகாரை வேண்டுமானால் கடைக்காரர் மேல் கொடுக்கலாம்.