வலிக்காத புண்ணும் ஆன்லைன் ஜெல்லும்

"அப்பாவுக்கு வயது 61. சர்க்கரை நோய் 14 வருடமாக இருக்கிறது. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் புண். சர்க்கரை அளவை உணர்ந்து தானே மருந்து விடும் ஸ்மார்ட் ஜெல் என்று வீடியோவில் பார்த்து, ஆன்லைனில் வாங்கி மூன்று வாரமாகப் போடுகிறோம். வலி இல்லை என்கிறார். ஜெல் ரத்தத்தில் கலந்து கிட்னியைக் கெடுக்குமா? காலை எடுக்க வேண்டி வருமா?"

மருத்துவர் பதில்:

கடைசிக் கேள்விக்காகத்தானே இவ்வளவும் எழுதினீர்கள்? சீக்கிரம் வந்துவிட்டால் பெரும்பாலும் காலைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் கடிதத்தில் என்னை உறுத்துவது 'வலி இல்லை' என்பதுதான். உள்ளங்காலில் திறந்த புண்ணை வைத்துக்கொண்டு ஒருவர் சாதாரணமாக நடக்கிறார் என்றால் புண் ஆறுகிறது என்று அர்த்தமில்லை, நரம்பு மரத்துவிட்டது. இப்படிப்பட்ட புண்ணுக்குள் நாங்கள் மழுங்கிய கம்பி ஒன்றை மெதுவாக விட்டுப் பார்ப்போம். முனை எலும்பில் 'டக்'கென்று இடிக்கும். நோயாளியோ பேரனின் ஸ்கூல் ஃபீஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

ஆகவே வலியை நம்பாதீர்கள், புண்ணைச் சுற்றிப் பாருங்கள். ஓரத்திலிருந்து 2 செ.மீ.க்கு மேல் சிவப்பு பரவினால் அன்றே மருத்துவமனை, இரவானாலும் சரி. நம் மாநிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. அதனால் புறங்கையை இரண்டு பாதங்களிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். புண் உள்ள கால் மட்டும் சுட்டாலோ, வீங்கினாலோ அதுவும் அதே கணக்குதான். துர்நாற்றம், கறுத்த தோல், காய்ச்சல், காரணமில்லாமல் ஏறும் சர்க்கரை, இவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம்.

கிட்னி பயத்தை விடுங்கள். கடையில் கிடைக்கும் ஹைட்ரோஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த புண்ணுக்கு ஈரம் கொடுக்க நாங்களே எழுதிக் கொடுப்போம். நீர் கசியும் புண்ணில் போட்டால்தான் வம்பு. ஓரத் தோல் வெகுநேரம் குளித்த விரல் நுனி மாதிரி வெளுத்து ஊறி, புண் அகலும்.

வீடியோவில் வந்தது பொய்யில்லை, ஆனால் உங்கள் டியூபில் இருப்பது அதுவுமில்லை. அந்த வகை ஜெல்லில் மூலக்கூறுகள் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருக்காது. பின்னல் கோலாட்டத்துக் கயிறு மாதிரி சேரும், பிரியும். சூடோ அமிலத்தன்மையோ மாறினால் பிடி தளர்ந்து உள்ளே உள்ள மருந்து வெளியே வரும். சிறுநீரகத்தின் உட்குழியில் வரும் ஒருவகைப் புற்றுநோய்க்கு இப்படி ஒரு ஜெல் மருந்தை 2020-இல் அமெரிக்கா அனுமதித்தது. குளிர்ந்திருக்கும்போது திரவம்; குழாய் வழியே உள்ளே விட்டால் உடல் சூட்டில் கெட்டியாகி, சில மணி நேரம் சிறுநீரோடு கரைந்தபடி மருந்தைக் கொடுக்கும். சர்க்கரையை உணர்ந்து இன்சுலின் விடும் ஜெல்லை ஆய்வக விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள். அதையெல்லாம் பார்சலில் அனுப்ப மாட்டார்கள்.

அப்புறம், எந்த ஜெல்லைத் தடவினாலும் மூன்று வாரமாக அப்பா அந்தப் புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறார். அந்த எடையை இறக்கினால்தான் ஆறும். தொழுநோயில் மரத்துப்போன கால்களுக்கு, எடை புண்ணின் மேல் விழாதபடி மாவுக்கட்டு போட்டுப் புண்ணை ஆற்றியது வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் செய்த வேலை. சர்க்கரைக் கால்களுக்கும் அதே வழி இன்றும் பயன்படுகிறது. ஓரத்துக் காய்ப்பைச் சீவி, ரத்த ஓட்டத்தைப் பார்த்து, கட்டா தனிச் செருப்பா என்று அறுவை சிகிச்சை நிபுணர் முடிவு செய்வார். வீட்டில் பிளேடு எடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் வேண்டாம்.

நாளைக் காலையே கூட்டிப் போங்கள், அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு. பஸ் ஸ்டாண்ட் வரை நடத்த வேண்டாம், வாசலுக்கே ஆட்டோவை வரச் சொல்லுங்கள்.