கர்ணன் வேஷத்தை விடுவதா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எனக்குக் குடியாத்தம் பக்கம் கிராமம், கைத்தறி நெசவு. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாவில் ஊர்க்காரர்களே கூத்துக் கட்டுகிறோம். கர்ண மோட்சத்தில் 30 வருஷமாகக் கர்ணன் வேஷம் எனக்குத்தான். இப்போது வயது 56. நடுராத்திரிக்கு மேல் குரல் அடைத்துவிடுகிறது, முழங்கால் தாங்கவில்லை. கூத்தையே விட்டுவிடு என்கிறார்கள் வீட்டில். பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியாரும் இப்போது இல்லை. என்ன செய்யலாம்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கூத்தை விடாதீர்கள். கர்ணனை மட்டும் மெல்லக் கைமாற்றுங்கள்.

முதலில் குரல். நள்ளிரவில் அடைக்கும் குரல் பெரும்பாலும் பத்து மணிக்கே செலவாகிப் போனதுதான். திரைக்குப் பின்னால் பாடும் விருத்தத்திலேயே முழுத் தொண்டையையும் கொட்டிவிடுகிறோம். விருத்தத்துக்குத் தாளக்கட்டு கிடையாது. மூச்சு வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள், ஆர்மோனியம் பிடித்துக்கொள்ளும். தருவில், அதாவது தாளத்தோடு பாடும் பாட்டில், நீங்கள் ஓர் அடி பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்களே, அந்த நேரம் உங்கள் தொண்டைக்கு ஓய்வு. கூடவே சேர்ந்து பாடினால் விடிவதற்குள் ஒரே பாட்டை இரண்டு தடவை பாடிய களைப்பு வந்துவிடும்.

சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பார்க்கலாம். ஆனால் மேடையில் போய்ச் சொல்லாதீர்கள். ஆர்மோனியக்காரர் விரலை மாற்றினால் போதும், முகவீணைக்காரருக்கோ வேறு குழல் வேண்டும். மிருதங்கத்தையும் இஷ்டத்துக்கு இறக்க முடியாது. வார் தளர்ந்தால் நாதம் போய்விடும். ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள்.

முழங்காலுக்குக் களரியை, அதாவது கூத்தாடும் இடத்தை, பாருங்கள். சிமெண்டுத் தளத்தில் சுழன்று ஆடினால் வலி நிச்சயம். தண்ணீர் தெளித்து இறுக்கிய மண்தரை எவ்வளவோ மேல். கட்டை, அதாவது வேஷத்துக்கான மர அணிகள், கட்டுவதிலும் கவனம் வேண்டும். தலையில் துணி சுற்றி அதன் மேல்தான் கிரீடம். இறுக்கினால் தலைவலி, தளர்த்தினால் சுழலும்போது சாயும். சாயும் கிரீடத்தைக் கழுத்தால் பிடித்து நிறுத்தப் பார்ப்பீர்கள். அந்த இறுக்கம் தோளுக்கும் தொண்டைக்கும் போகும். புஜக்கட்டைக்கு அடியில் மடித்த துணி வையுங்கள்.

இனிக் கைமாற்றம். இந்த வருஷம் கர்ணனை இரண்டாகப் பிரியுங்கள். மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் காட்சி வரை நீங்கள். அதில் ஆட்டத்தை விட உருக்கம்தான் பெரிது, அந்த உருக்கம் உங்கள் வயதுக்குத்தான் கூடி வரும். போர்க்களம் இளைஞருக்கு. இருவருக்கும் ஒரே கட்டைதான் இருக்கிறது என்றால், அவர் முன்னதாகவே முகம் எழுதி, பாவாடை கட்டி, சலங்கையோடு தயாராக இருக்க வேண்டும். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் மட்டும் கடைசியில் மாறட்டும். அந்த இடைவெளியைக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பார்த்துக்கொள்வார், அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அடுத்த வருஷம் நீங்கள் சல்லியன். இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். தேரோட்டியாக வந்து கர்ணனோடு செய்யும் தர்க்கத்தில் பேச்சுத்தான் உயிர். கர்ணனின் வசனமெல்லாம் மனப்பாடமாக உள்ளவர் எதிரே நின்றால் புதுக் கர்ணன் தடுமாறும்போது அடி எடுத்துக் கொடுக்கலாம். கூட்டத்துக்குத் தெரியாது. அதற்கும் பிறகு, கிழப்பிராமணனாக வந்து கர்ணனிடம் புண்ணியத்தைத் தானம் கேட்கும் கிருஷ்ணன் இருக்கிறார். விடியும் தறுவாயில் வரும் பகுதி, அதுவரை குரலுக்கு ஓய்வு. ஆனால் கிழவனாக நடிக்கும் ஆசையில் வெகுநேரம் குனிந்தே நிற்காதீர்கள், இடுப்புப் பிடித்துக்கொள்ளும். ஒரு தடியை ஊன்றுங்கள்.

முகத்துக்கு ஒன்று. பழைய அரிதாரக் கட்டி யாரிடமாவது இருந்தால் பூச வேண்டாம். அது ஆர்சனிக் சேர்ந்தது, நஞ்சு.

வாத்தியார் இல்லை என்கிறீர்கள். இதைத்தான் நான் மிக அவசரமாக நினைக்கிறேன். வடஆற்காட்டில் கரும காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் உண்டு, ஆகவே கதை மறந்துபோகாது. உங்கள் ஊர் மெட்டுத்தான் போய்விடும். விருத்தம், கந்தார்த்தம், தரு, வசனம் எல்லாவற்றையும் வரிசையாக ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ராகம், தாளம், எந்த இடத்தில் பின்பாட்டு எடுக்கும் என்று குறியுங்கள். பொன்னுருவி, சல்லியன், கட்டியங்காரன் பாடங்களையும் சேர்த்துத்தான். கட்டியங்காரன் பேச்சு பெரும்பாலும் எழுதப்படாதது, அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். பிறகு செல்போனில் மெட்டை மட்டும் ஆர்மோனியத்தோடு நிதானமாகப் பாடிப் பதியுங்கள். மேடைப் பதிவை நம்பாதீர்கள். அதில் தாளச் சத்தத்தில் சொல் கேட்காது. பங்குனிக்குள் முடித்துவிட்டால் புதுக் கர்ணனுக்கு இந்தத் திருவிழாவுக்கே பாடம் கொடுக்கலாம்.