பட்டறைப் பக்கம்: பழைய அம்பாசடருக்கு எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ்?

கேள்வி: எங்க தாத்தா 1971ல வாங்குன அம்பாசடர் மார்க் 2 ரொம்ப வருஷமா ஷெட்லயே நிக்குது, இன்ஜின் ஜாம். மெக்கானிக் அண்ணன் "இத தூக்கிப் போட்டுட்டு இசுசு 1800 இன்ஜினும் அஞ்சு கியர் பாக்ஸும் செட்டா இறக்கிடலாம்"ங்கிறார். செய்யலாமா?
– மதுரை வாசகர்

பதில்: செய்யலாம், ஓடவும் ஓடும், ஆனா உங்க வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். 1992ல அம்பாசடர்லயே வந்த இசுசு இன்ஜின் 1817 சிசி, ஓவர்ஹெட் கேம் (கேம் ஷாஃப்ட் ஹெட்டுலயே இருக்குற டைப்), பாக்ஸும் அருமையான பாக்ஸ், அதுல குறையே இல்ல. அத மார்க் 2ல இறக்குனா வேலை அதோட நிக்காது, அதான் விஷயம். இன்ஜின் மவுண்டிங் மாத்தணும், புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் பாக்கணும், ஸ்டியரிங்ல இருக்குற கியர் ராடு போயி தரையில லிவர் வரும், அதுக்கு ஃப்ளோர்ல ஓட்டை போடணும், ஸ்பீடோமீட்டர் கேபிள் சேருமான்னு பாக்கணும், அப்புறம் இவ்வளவு பவர ஏத்திட்டு நாலு வீலுக்கும் அதே பழைய டிரம் பிரேக்னா எப்படிங்க?

இன்னொன்னு, 2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாத்தம் இல்லாம ஒரிஜினலா இருக்குற வண்டிக்குத்தான் அந்தப் பதிவு. உங்க வண்டி வயசுல பாஸ், வேற இன்ஜின் இறக்குனா அந்த வாய்ப்ப நீங்களே கெடுத்துக்குறீங்க. அந்தப் பதிவே வேண்டாம்னாலும் இன்ஜின் மாத்துறதுக்கு ஆர்டிஓ கிட்ட அனுமதி வாங்கி ஆர்சில ஏத்தியே ஆகணும்.

அதனால முதல்ல ஜாம் எடுத்துப் பாருங்க. நாலு பிளக்கையும் கழட்டி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் ஊத்தி சில நாள் விட்டுருங்க, அப்புறம் முன்னாடி ஹேண்டில் போட்டு கையால மெதுவா முன்னயும் பின்னயும் ஆட்டுங்க. ஸ்டார்ட்டர் மட்டும் போட்றாதீங்க, ஒட்டியிருக்குற பிஸ்டன் ரிங் உடையும், சிலிண்டர்ல கீறல் விழும். பாதிப் பேரு இன்ஜின் போச்சுன்னு நெனச்சது வெறும் ரிங் துரு புடிச்சதாத்தான் இருக்கும்.

கேள்வி: தேஞ்ச இன்ஜின் பிளாக்க லேத்ல கொடுத்தா "பிஸ்டன் என்ன சைஸ் போடப்போறீங்க"ன்னு கேக்குறாங்க, ஸ்பேர் கடையில "போர் என்ன சைஸ் பண்ணியிருக்கீங்க"ன்னு கேக்குறாங்க. யார முதல்ல கேக்குறது? இதுவும் அம்பாசடர் 1500 தான்.
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: அளக்குறதுதான் முதல் வேலை, ரெண்டாவது பிஸ்டன் வாங்குறது, போர் பண்றது, அதாவது சிலிண்டர் ஓட்டைய கடைஞ்சு பெருசாக்குறது, கடைசி. நிறைய பேரு இத தலைகீழா பண்ணிட்டு, 40 தவ் (ஒரு தவ்னா இன்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு) போர் அடிச்ச பிளாக்க வச்சுக்கிட்டு அந்த சைஸ் பிஸ்டன் கிடைக்காம ஊரு ஊரா போன் பண்ணிட்டு இருப்பாங்க.

உங்க 1489 சிசி பிளாக்கோட ஸ்டாண்டர்ட் போர் (சிலிண்டர் உள் விட்டம்) 73.025 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 88.9 மில்லிமீட்டர். போர் கேஜ் வச்சு ஒவ்வொரு சிலிண்டரையும் மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல, நீளவாக்குலயும் குறுக்குவாக்குலயும் அளக்கச் சொல்லுங்க. மேல ரிங் வந்து நிக்குற எடத்துலதான் தேய்மானம் ஜாஸ்தி, அங்க விரல் வச்சாலே ஒரு படி மாதிரி தட்டும். நாலுல எது மோசமோ அதுதான் சைஸ முடிவு பண்ணும். 20 தவ்ல சுத்தமானா 20ஓட நிறுத்துங்க, இன்னொரு ரீபில்டுக்கு இரும்பு மிச்சம் இருக்கணும்ல. 40க்குப் போனா சிசி 1530 பக்கம் வரும், அத பவர் ஏறுதுன்னு சந்தோஷப்படாதீங்க. ஏற்கனவே 60 அடிச்ச பிளாக்குன்னா ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள இறக்குற புதுக் குழாய்) போட்டு ஸ்டாண்டர்டுக்கு திரும்புறதுதான் நல்லது.

பிஸ்டன கையில வச்சுட்டு, அந்த பிஸ்டன அளந்து அதுக்கு ஏத்த மாதிரி போர் பண்ணச் சொல்லுங்க, டப்பா மேல போட்டிருக்குற நம்பர நம்பி இல்ல. ரிங்க மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொன்னையும் சிலிண்டருக்குள்ள விட்டு, பிஸ்டன் தலையால நேரா தள்ளி, ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்குற கேப்ப ஃபீலர் கேஜ்ல பாருங்க, இந்த போருக்கு 12 தவ் வாக்குல இருக்கணும். கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இதே கதைதான், 10 தவ், 20 தவ்னு பேரிங் என்ன சைஸ் கிடைக்குதுன்னு உறுதியாத் தெரிஞ்ச பிறகுதான் கிரைண்டிங்.

ஹெட்ட கழட்டுன கையோட எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கு கடினமான இன்சர்ட் போட்டுருங்க. அந்தக் கால ஹெட்டு ஈயம் கலந்த பெட்ரோலுக்கு செஞ்சது, அது 2000ல நின்னு போச்சு. பெட்ரோல் ஓஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்குற ரப்பரா கேட்டு வாங்குங்க, இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்.

கேள்வி: பிரீமியர் பத்மினி 1989 மாடல், மூணாவது கியர்ல ஆக்சிலரேட்டர் விட்டதும் தானா நியூட்ரல் விழுது. பழைய சாமான் கடையில பிரீமியர் 118 என்இ காரோட கியர்பாக்ஸ் இருக்கு, அப்படியே மாட்டலாம்னு சொல்றாரு. வாங்கட்டுமா?
– கோவை வாசகர்

பதில்: வேண்டாம். 118 என்இ பாக்ஸ் நிஸான் ஏ12 இன்ஜினோட, அந்த 1171 சிசியோட சேர்ந்து வந்தது. உங்க 1089 சிசி ஃபியட் இன்ஜின் பின்னாடி அது உக்காராது, இன்ஜினோட பாக்ஸ் சேர்ற பெல் ஹவுசிங்கே வேற குடும்பம். போடுறதுன்னா இன்ஜினும் பாக்ஸும் ஜோடியாத்தான் போடணும், அப்படி போட்டு ஓட்டுறவங்களும் இருக்காங்க.

ஆனா உங்க வியாதிக்கு பாக்ஸ மாத்தணும்னே இல்லைங்க. முதல்ல ஸ்டியரிங் பக்கம் இருந்து வர்ற ராடு, புஷ் எல்லாம் லூஸான்னு பாருங்க, கியரு முழுசா விழாமலேயே நின்னா இப்படித்தான் துப்பும். அது சரின்னா உள்ள கியர பிடிச்சு நிறுத்துற செலக்டர் ஸ்பிரிங்கும் இரும்பு குண்டும், அப்புறம் கியர தள்ளுற ஃபோர்க், கடைசியா கியர கோத்துப் பிடிக்கிற டாக் டீத் (பல்) முனை மழுங்கியிருக்கான்னு பாக்கணும். சென்னை புதுப்பேட்டை பழைய ஸ்பேர் மார்க்கெட்ல பாக்ஸ் எடுக்குறதா இருந்தா கிளட்ச் பிளேட்ட கையோட கொண்டு போயி இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைன்ல (ஷாஃப்ட் முனையில இருக்குற பல் வரிகள்ல) சொருகிப் பாத்துட்டு காசு குடுங்க. ஆயில் ஜிஎல் 4 கேளுங்க, பல ஜிஎல் 5 ஆயில் கியர் மாத்துறப்ப வேகத்த ஒத்துப்போக வைக்கிற பித்தளை சிங்க்ரோ வளையத்த அரிச்சுடும், அது பின் ஆக்சிலுக்கு.

கேள்வி: பின் ஆக்சில் ரேஷியோ (வீல் ஒரு சுத்துக்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்துங்கிற கணக்கு) என்னன்னு கழட்டாம கண்டுபிடிக்க முடியுமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: முடியும். முன் வீலுக்கு கட்டை வச்சு, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக் விட்டு, பின்னாடி ஒரு வீல மட்டும் ஜாக்ல தூக்கி ஸ்டாண்ட் குடுங்க. டயர்லயும் புரொப்பல்லர் ஷாஃப்ட்லயும் சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு, தூக்குன வீல ரெண்டு முழு சுத்து சுத்துங்க, ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதோ அதான் ரேஷியோ. நாலரைக்கு கொஞ்சம் மேல வந்தா 4.55ஆ இருக்கும். ஷாஃப்ட்ட எண்ண கீழ ஒரு ஆள் வேணும், அவரு வண்டிக்கு நேர் அடியில படுக்காம பக்கவாட்டுல இருந்து பாக்கட்டும்.