பிசி என்றால் எந்தப் பிசி?

கேள்வி: 'பிசி கேஸ்' என்று ஆர்டர் செய்தேன். கம்ப்யூட்டர் பெட்டி வரும் என்று பார்த்தால் போன் உறை வந்திருக்கிறது. படத்திலும் உறைதான் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: அந்தப் பிசி, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். திருப்பி அனுப்பக் கெடு இருந்தால் இன்றே அனுப்புங்கள். படத்தைக்கூடப் பார்க்காமல் வாங்கினால் விற்றவரை எப்படிக் குறை சொல்வது?

கேள்வி: தண்ணீர் பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 7, அதன் கீழே பிசி. ஆபத்தா?

பதில்: 7 என்றால் 'மற்ற வகை'. பிசி என்றும் இருப்பதால் பாலிகார்பனேட். இதைத் தயாரிக்க பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் பயன்படுகிறது. சூடு பட்டால் அது கூடுதலாகக் கசியும். குழந்தைகளின் பால் புட்டிகளில் இதை ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும் அமெரிக்கா 2012-லும் விலக்கிவிட்டன. வெந்நீர் ஊற்றாதீர்கள். குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: '12 பிசி டப்பா செட்' வாங்கினேன். வந்தது 6 டப்பா, 6 மூடி.

பதில்: இங்கே பிசி என்றால் உருப்படி. மூடியையும் எண்ணிவிட்டார்கள். ஏமாற்று வேலைதான், புகார் கொடுங்கள்.

கேள்வி: பிசி என்று சொல்லி விற்ற சூட்கேஸ் முதல் பயணத்திலேயே மூலையில் விரிந்துவிட்டது. உள்ளே லேபிளில் 'ஏபிஎஸ் + பிசி'. "அதுவும் பிசிதானே" என்கிறார் கடைக்காரர்.

பதில்: இல்லவே இல்லை. இதே வார்த்தையை நம்பி நானும் ஒரு பெட்டி வாங்கினேன். இரண்டாவது பயணத்தில் மூலை உடைந்து, துணியைக் கயிறு போட்டுக் கட்டி எடுத்து வந்தேன். ஏபிஎஸ் விலை குறைந்த பிளாஸ்டிக், அடி விழுந்தால் பாலிகார்பனேட் அளவுக்குத் தாங்காது. (வண்டி பிரேக்கில் வரும் ஏபிஎஸ் வேறு.) இப்படிப்பட்ட பல பெட்டிகளில் உடல் முழுக்க ஏபிஎஸ், மேலே மெல்லிய பிசி படலம் மட்டும். அந்தப் படலத்தின் பெயரைச் சொல்லி முழுப் பெட்டிக்கும் விலை வாங்குகிறார்கள். 'பாலிகார்பனேட்' என்று முழுதாக எழுதினால் மீதியையும் எழுத வேண்டிவரும், அதனால்தான் இரண்டெழுத்தோடு நிறுத்துகிறார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம். பில்லையும் லேபிளையும் படமெடுத்து வைத்து, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று எழுத்தில் கேளுங்கள். அடுத்த முறை பொருளின் முழுப் பெயரையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடை வேண்டாம்.

கேள்வி: கேமரா கடையில் ஃபிளாஷுக்கு பிசி கேபிள் கேட்டேன். கம்ப்யூட்டரில் செருகும் கேபிளைக் கொடுத்துவிட்டு, திரும்ப எடுக்க மறுக்கிறார்கள்.

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. கேமராவில் பிசி என்பது புரொன்டார், காம்பூர் என்ற இரண்டு பழைய ஜெர்மன் ஷட்டர்களின் முதலெழுத்து. பர்சனல் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேமரா சாமான் விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், ஃபிளாஷுக்கு என்று சொல்லித்தானே கேட்டீர்கள்! பில்லோடு போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.