அணில் முத்திரை இருந்தால் போதுமா? ஜெர்மானியக் குத்துவாளில் தயாரிப்பாளர் குறியைப் படிக்கும் முறை

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். இங்கே பழம்பொருள் சந்தையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் தரைப்படை அதிகாரி குத்துவாள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆரஞ்சு நிறப் பிடி. அலகின் பின்பக்கம், பிடிக்குச் சற்றுக் கீழே, வாள் ஏந்திய அணிலும் ‘ஒரிஜினல் ஐக்ஹோர்ன் சோலிங்கன்’ என்ற எழுத்தும் இருக்கின்றன. முத்திரையை நம்பி வாங்கலாமா?

பதில்: முத்திரையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். யார் செய்தது, ஏறக்குறைய எந்தக் காலம் என்ற இரண்டைத்தான் முத்திரை சொல்லும். அது உண்மையா என்பதை வாளின் மற்ற பாகங்களிடம் கேட்க வேண்டும்.

முதலில் உங்கள் அணில். கார்ல் ஐக்ஹோர்ன் நிறுவனத்தின் பெயர் அணிலைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடு ஒத்திருப்பதால் வந்த சின்னம் அது. சோலிங்கன் நகரத்துக் கத்திப் பட்டறைகள் பலவும் இப்படிப் படச் சின்னத்தால் அடையாளம் காணப்பட்டவை. டபிள்யூ.கே.சி. நிறுவனத்துக்கு அரசன் தலையும் வீரன் தலையும், ஹோல்லருக்கு வெப்பமானி, ராபர்ட் கிளாஸுக்கு இரண்டு கொக்குகள், அல்கோஸோவுக்குத் தராசு, பூமாவுக்குச் சாய்சதுரத்துக்குள் காட்டுப்பூனையின் தலை. ஹென்கல்ஸின் இரட்டையர் சின்னம் 1731இலேயே பதிவானது. ‘சோலிங்கன்’ என்ற சொல் மட்டும் எதையும் நிரூபிக்காது. அந்தப் பெயருக்கு 1938இல் தனிச் சட்டப் பாதுகாப்பே கிடைத்தது. இன்றைய சமையல் கத்தியிலும் அது இருக்கும்.

தரைப்படை அதிகாரி குத்துவாள் 1935இல் அறிமுகமானது. நீங்கள் சொல்லும் ‘ஒரிஜினல்’ வாசக முத்திரை அந்தக் காலத்தோடு பொருந்துகிறது. இதே வாளில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை அணில் இருந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். அது அதற்கு முந்தைய சின்னம். ‘மேட் இன் டபிள்யூ. ஜெர்மனி’ என்றிருந்தால் பேச்சே இல்லை, போருக்குப் பிந்தையது.

பலரும் சறுக்கும் இடம் ஆர்.இசட்.எம். முத்திரை. வட்டத்துக்குள் மூன்று எழுத்து, பக்கத்தில் ‘எம் 7/66’ போல ஓர் எண். இது நாஜிக் கட்சியின் கொள்முதல், தர அங்கீகார அலுவலகத்தின் குறி. 7/66 ஐக்ஹோர்ன், 7/33 ஹோல்லர், 7/36 ஹோர்ஸ்டர், 7/37 கிளாஸ், 7/27 பூமா. எஸ்.ஏ. எனப்பட்ட கட்சித் துணைப்படை, ஹிட்லர் இளைஞர் அமைப்பு போன்ற கட்சி அமைப்புகளின் கத்திகளில்தான் இது வர வேண்டும். தரைப்படை, கடற்படை, விமானப்படை அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே கடையில் வாங்கினார்கள். கட்சி அலுவலகத்துக்கு அதில் வேலை இல்லை. ஆகவே தரைப்படை வாளில் இந்த வட்டம் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். எஸ்.ஏ. வாளில் நிறுவனச் சின்னமும் இந்த எண்ணும் சேர்ந்தே இருந்தால் பதற வேண்டாம். 1935–36 மாற்றக் காலத்தில் இரண்டும் போட்டார்கள்.

துப்பாக்கிமுனைக் கத்தியின் கதை வேறு. அது அரசுக் கொள்முதல். 1940 வாக்கில் இருந்து நிறுவனப் பெயருக்குப் பதில் சிறிய எழுத்துக் குறியீடுதான்: ‘சி.ஓ.எஃப்.’ என்றால் ஐக்ஹோர்ன், ‘ஏ.எஸ்.டபிள்யூ.’ என்றால் ஹோர்ஸ்டர், ‘சி.வி.எல்.’ என்றால் டபிள்யூ.கே.சி.

இனி நேரில் பார்க்கும் விதம். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸும் சிறிய டார்ச்சும் போதும். வெளிச்சத்தை நேராக அடிக்காமல், அலகை உரசுவதுபோல் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். இத்தகைய வாள்களில் முத்திரை பெரும்பாலும் அமிலத்தால் அரித்துப் பதிந்தது. பள்ளத்தின் அடி மங்கிய சாம்பல் நிறத்தில் சமமாக இருக்கும். எழுத்தின் விளிம்பு மிக லேசாக நெளியும். லேசரில் பொறித்ததில் விளிம்பு நெடுக நுண்ணிய புள்ளி வரிசையும், சில சமயம் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிறக் கருகலும் தெரியும்.

அடுத்து உறை வரிகளைத் தேடுங்கள். உறையின் வாய்க்குள் அலகைப் பிடித்துக்கொள்ள இரண்டு வில்தகடுகள் உண்டு. வாளை உருவிச் செருகும் ஒவ்வொரு முறையும் அவை அலகில் நீளவாக்கில் மெல்லிய கோடு இழுக்கும். கோடு முத்திரையின் மேல் விழுந்திருந்தால் முத்திரை பழையது என்பதற்கு நல்ல சாட்சி. கோடு எழுத்துவரை வந்து, ஆழமில்லாத அந்த எழுத்துக்குள் சுவடே இன்றி மறைந்து, மறுபக்கம் மீண்டும் தொடங்கினால், முத்திரை பிறகு பொறிக்கப்பட்டிருக்கலாம். துருப்புள்ளிகளையும் இப்படியே பாருங்கள். அலகெங்கும் துருக்குழி இருந்து முத்திரைப் பள்ளம் மட்டும் பளிச்சென்று இருந்தால் வாங்காதீர்கள்.

விற்பவர் சம்மதித்தால் பிரித்துப் பாருங்கள். தரைப்படை வாளில் பிடியின் தலையிலுள்ள குமிழைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால் கழலும். பிடி, பிடிக்கும் அலகுக்கும் நடுவிலுள்ள குறுக்குக்கம்பி, தோல் வாஷர் வரிசையாக வெளிவரும். ரப்பர் கையுறையால் குமிழை மட்டும் பிடித்துத் திருப்புங்கள். பிளையர் கூடாது. பிடியைப் பற்றித் திருகவும் கூடாது. அந்த ஆரஞ்சு மேற்பூச்சு 80 ஆண்டுகளில் சுருங்கி இறுகியிருக்கும், முறுக்கினால் வெடிக்கும். குமிழ் அசையாவிட்டால் இணைப்பில் ஒரு சொட்டு துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். சந்தையில் அதற்கு வழியில்லை என்பதால் அப்படியே விடுங்கள். எஸ்.ஏ. வாளில் இந்த வேலையே வேண்டாம்: நட்டைக் கழற்றப் போய் மரப்பிடியைச் சிதைத்தவர்கள் அதிகம்.

பிரித்ததும் அலகின் வால் பகுதியை, அதாவது பிடிக்குள் மறைந்திருக்கும் நீட்சியைப் பாருங்கள். வெளியே தேய்ந்த அலகு, உள்ளே இயந்திரத்தில் இன்று அறுத்ததுபோன்ற புது வால் என்றால் பொருந்தவில்லை. பாகங்களில் பொருத்து எண்கள் (ஒரே வாளின் பாகங்கள் என்று காட்டப் பொறித்த எண்கள்) இருந்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா பாருங்கள். போருக்குப் பின் எஞ்சிய அசல் உதிரிபாகங்களைக் கோத்து விற்றதும் உண்டு. அதில் முத்திரை உண்மையாகவே இருக்கும், வாள் மட்டும் அன்று உருவானதல்ல. அணில் மட்டும் போதாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பணம் கொடுக்குமுன் பட்டை அளவுகோலால் முத்திரையின் உயரம், அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, பக்கவெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே காலத்து ஐக்ஹோர்ன் வாள்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இவை இல்லாமல் முடியாது. வாங்கிய பிறகு பித்தளை பாலிஷ் எதுவும் தொடாதீர்கள். தேய்த்தால் எழுத்தின் விளிம்பு மழுங்கும். பிறகு நிபுணருக்கும் அதைப் படிப்பது கடினம். பருத்தித் துணியில் மெல்லிய கனிம எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். குறுக்குக்கம்பியிலுள்ள கழுகின் காலடியில் ஸ்வஸ்திகா இருக்கும். ஜெர்மன் தண்டனைச் சட்டம் 86ஏ பிரிவின்படி அதைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு. லட்சக்கணக்கானோரைக் கொன்ற ஆட்சியின் சின்னம் அது, வரவேற்பறை அலங்காரம் அல்ல. படத்தை இணையத்தில் போடுவதானால் அந்த இடத்தை மறைத்துவிடுங்கள். வாளை வீட்டுக்குக் கொண்டுபோகும்போதும் கையிலோ பையிலோ எடுத்துச் செல்லாமல், பூட்டிய பெட்டியில் வையுங்கள். குத்துவாளைப் பொது இடத்தில் ஏந்திச் செல்ல ஜெர்மன் ஆயுதச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஊருக்கு அனுப்பும் எண்ணமிருந்தால், இந்திய ஆயுதச் சட்டத்தின் கீழ் இறக்குமதி உரிமம் பெறாமல் தபாலில் போடாதீர்கள்.