வலைப்பக்கத்தில் குட்டி மேற்கோளுக்கு கியூ (q) டேக் போட வேண்டுமா, மேற்கோள் குறியை நாமே டைப் செய்தால் போதுமா?

நீங்களே டைப் செய்யுங்கள் என்பதுதான் என் பதில். கியூ என்பது தனக்குள் இருக்கும் எழுத்தைச் சுற்றி பிரவுசரே மேற்கோள் குறி காட்டும்படி செய்யும் டேக். அது கட்டாயமில்லை, குறியை நேரடியாக எழுதுவதும் சரிதான் என்று வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் விதிமுறையே சொல்கிறது.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து எடுக்கும் பெண்களின் பேச்சைத் தொகுத்து ஒரு தளம் நடத்துகிறேன். நீளமாகப் பேசியதை, நீண்ட மேற்கோளுக்கான பிளாக்கோட் டேக்கில் வைத்துவிடலாம், அதில் குழப்பம் இல்லை. வாக்கியத்துக்கு நடுவே வரும் சின்னப் பேச்சுதான் யோசிக்க வைக்கும். ஒரு பாட்டி சொன்னார்: “மழைக்கு ஒதுங்கினா மேஸ்திரி ‘இன்னைக்கு எடை எங்கே’ம்பாரு.” இப்படிப் பேச்சுக்குள் பேச்சு வரும்போது கியூவுக்குள் இன்னொரு கியூ வைத்தால் வெளியே இரட்டைக் குறி, உள்ளே ஒற்றைக் குறி என்று பிரவுசரே பார்த்துப் போட்டுவிடும். பக்கத்தின் மொழி பிரெஞ்சு என்று குறித்திருந்தால் கோணக் குறியாகவும் மாறும். 1997-இல் ஹெச்டிஎம்எல் 4 கொண்டுவந்த அழகான யோசனை இது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டும் 7-ஆம் பதிப்பு வரைக்கும் குறியே போடவில்லை, 8-இல்தான் சரியானது.

இப்போது எல்லா பிரவுசரும் போடுகின்றன. ஆனால் அந்தக் குறி பக்கத்தின் எழுத்தில் கிடையாது, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மேலே காட்டுவது. வரியை காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெரும்பாலும் குறி வராது. எங்கள் ஊர் குரூப்களில் லிங்க் அனுப்புகிறவர்களைவிட வரியை வெட்டி ஒட்டுகிறவர்கள்தான் அதிகம். குறி போய்விட்டால் மேஸ்திரி கேட்டது எது, பாட்டி சொன்னது எது, நான் எழுதியது எது என்று எப்படித் தெரியும்? தன் பேச்சை நம்பிக் கொடுத்தவருக்கு அது அவருடையதாகவே போய்ச் சேர வேண்டும். எனக்கு டேக்கின் நேர்த்தியைவிட இது பெரிது.

இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள், குறி இரட்டிப்பாகும். விதிமுறையும் அதை அனுமதிப்பதில்லை. பல மொழிகளில் ஒரே வார்ப்பில் (டெம்ப்ளேட்டில்) பக்கம் ஓடுகிறது என்றால் கியூ உதவும், அங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அப்புறம், கியூவிலும் பிளாக்கோட்டிலும் சைட் (cite) என்று ஒரு பண்பு உண்டு, மூலத்தின் முகவரியை எழுத. படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது. யார், எந்த ஊர், எப்போது சொன்னார் என்பதை வாக்கியத்திலேயே எழுதிவிடுங்கள். அதே பெயரில் சைட் டேக் தனியாக இருக்கிறது. அது நூல், படம், கட்டுரை போன்றவற்றின் தலைப்புக்கு. பேசியவர் பெயரை அதில் வைக்கக் கூடாது.